மதராஸ் கையேடுகளோடு ஏழு ஆண்டுகள்

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்றொரு தெரு இருக்கிறது. பக்கத்தில் ஏரி எதுவும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு என்பதும் அப்படித்தான். இவற்றுக்கு நடுவே ஒரு பெரிய ஏரி இருந்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தேனே தவிர, அது எங்கே தொடங்கி எங்கே வளைந்தது என்பதை முதன்முதலாகக் கண்டுகொண்டது, முதல் உலகப் போருக்கு முந்தைய பயணக் கையேடு ஒன்றில் மடித்து ஒட்டப்பட்டிருந்த மதராஸ் வரைபடத்தில்தான். அன்று பிடித்த பழக்கம் ஏழு ஆண்டுகளாக விடவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலாவது ஒரு பழைய கையேட்டின் நகலை எடுத்துக்கொண்டு, அது காட்டும் வழியில் ஊரைச் சுற்றி வருகிறேன்.

நான் பெரிதும் பயன்படுத்துவது மர்ரே கையேடுகளை. (சங்க இலக்கிய மலிவுப் பதிப்புகள் வெளியிட்ட மர்ரே ராஜத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, இவர் லண்டன் பதிப்பாளர் ஜான் மர்ரே.) கேப்டன் ஈஸ்ட்விக் எழுதிய இந்தியக் கையேட்டின் மதராஸ் பகுதி 1859இல் வெளிவந்தது. பிற்பாடு இந்தியா முழுவதையும் ஒரே நூலில் அடக்கிய பதிப்புகள் வரத் தொடங்கின. 1975இல் வந்த 22ஆம் பதிப்பு வரை அந்த வரிசை நீண்டது. என்னிடம் அச்சு நூலாக இருப்பவை 1924, 1938 பதிப்புகள் மட்டுமே. 1859ஆம் ஆண்டு நூலை மின்வடிவில் படிக்கிறேன்.

பழைய நூல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றியபோது எனக்குக் கிடைத்தது வெறும் ஏக்கம்தான். வெவ்வேறு காலத்து நூல்கள் இரண்டை அருகருகே விரித்து வைத்த பிறகே நகரம் நகர்ந்த விதம் பிடிபட்டது. கப்பலும் ரயிலும் இதற்கு நல்ல சான்று. 1859இல் மதராசுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் கடலில் தொலைவில் நங்கூரமிடும். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலா படகுகளில் அலையைக் கடந்து பயணிகள் கரையேறுவார்கள். 1861இல் இரும்புத் தூண்கள் மேல் கடலுக்குள் நீளும் இறங்குபாலம் வந்தது. 1876இல் தொடங்கிய துறைமுகப் பணியை 1881ஆம் ஆண்டுப் புயல் குலைத்துப் போட்டது. ரயிலை எடுத்துக்கொண்டால், 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம், 1873இல் சென்ட்ரல், 1908இல் எழும்பூர் என்று ஊருக்குள் நுழையும் வாசல் இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ராயபுரம் நிலையத்தின் தூண்களுக்கு அருகே நின்று ஈஸ்ட்விக்கின் பக்கங்களைக் கைப்பேசியில் புரட்டியபோது, அந்த நூல் அச்சேறிய நாளில் இந்தக் கட்டடத்துக்கு வயது மூன்றுதான் என்று தோன்றியது. வடசென்னை ஏன் ஒரு காலத்தில் ஊரின் முகப்பாக இருந்தது என்பது எனக்கு விளங்கியது அங்கேதான்.

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இந்த நூல்கள் இன்றும் அப்படியே செல்லுபடியாகின்றன; 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்தைச் சுற்றிப் பார்க்கப் புதிய வழிகாட்டி எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. கோட்டையை விட்டு வெளியே வந்ததும் சிரமம் தொடங்கும். பிளாக் டவுன் 1906இல் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. பாப்ஹாம்ஸ் பிராட்வே பிரகாசம் சாலையாகவும், மோப்ரேஸ் ரோடு டி.டி.கே. சாலையாகவும், எட்வர்ட் எலியட்ஸ் ரோடு ராதாகிருஷ்ணன் சாலையாகவும் மாறிவிட்டன. ஆகவே பழைய பெயருக்கு எதிரே புதிய பெயரைப் பென்சிலால் எழுதிய பட்டியல் ஒன்றை முதல் ஆண்டிலேயே தயாரித்துக்கொண்டேன். அது இல்லாமல் நான் கிளம்புவதே இல்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இவை நமக்காக எழுதப்பட்டவை அல்ல. ஈஸ்ட்விக்கின் நூல் பயணிகளுக்கும் படை அதிகாரிகளுக்கும் சிவில் அதிகாரிகளுக்கும் உரியது என்று அதன் முகப்பே சொல்கிறது. மயிலாப்பூர் மாட வீதிகளில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், கொத்தவால் சாவடியில் என்ன விற்றது என்றெல்லாம் அறிய விரும்புபவர் வேறு நூல்களைத்தான் தேட வேண்டும். தலைப்புப் பக்கத்து ஆண்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு பதிப்பின் செய்திகள் அடுத்த பதிப்புக்கும் பெரும்பாலும் அப்படியே போய்விடும் என்பதால், ஆண்டைக் குறிப்பிட்டு எதையும் எழுதுவதற்கு முன்பு வேறொரு சான்றோடு ஒத்துப் பார்க்கிறேன்.

வாங்குவதிலும் அடிபட்டிருக்கிறேன். 1938 பதிப்பை முழுமையான பிரதி என்று சொல்லி விற்றவர் அனுப்பிய நூலில் மதராஸ் வரைபடம் கிழித்தெடுக்கப்பட்டிருந்தது. தையலருகே அரை விரல் அகலத் தாள் மட்டும் எஞ்சியிருந்தது. இலவசமாகக் கிடைக்கும் மின்நகல்களிலோ, மடித்த தாளை விரிக்காமலே படமெடுத்துவிடுவதால், வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஒரு வெற்று முதுகுதான் தெரிகிறது. மூர் மார்க்கெட் 1985இல் எரியாமல் இருந்திருந்தால் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தே வாங்கியிருக்கலாம்.

வரைபடத்துக்காக மட்டும் தேடுபவருக்கு, ஜெர்மானிய நிறுவனமான பேடெக்கர் 1914இல் வெளியிட்ட இந்தியக் கையேட்டைப் பரிந்துரைப்பேன். அது ஜெர்மன் மொழியில் மட்டுமே வந்தது. விலை என் கைக்கு எட்டாதது என்பதால் மின்நகலோடு நிற்கிறேன். அதே 1914இல், செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் மதராஸ் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு வீசியது. ஜெர்மானியர்கள் விட்டுச்சென்றவற்றுள் தமிழில் நிலைத்தது என்னவோ 'எம்டன்' என்ற சொல்தான்.

ஏரி விஷயத்துக்குத் திரும்புகிறேன். 1920களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். 1925இல் தொடங்கிய லயோலா கல்லூரியும் அந்த ஏரி நிலத்தில் எழுந்ததே. வரைபடத்தின் கரைக்கோட்டை இன்றைய தெருக்களின் மேல் சிவப்புப் பென்சிலால் வரைந்துகொண்டு, நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கு நோக்கி இரண்டு ஞாயிறுகள் நடந்தேன். மாம்பலத்துத் தேநீர்க் கடையில் நகலை விரித்து வைத்திருந்தபோது கடைக்காரர் எட்டிப் பார்த்தார். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டேன். முதலில் கடைச் சுவரில் முழங்கால் உயரத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு, "உங்க கோட்டுக்கு உள்பக்கம்தான் சார் கடை இருக்கு" என்று சொல்லிவிட்டு, பால் பொங்குவதைப் பார்த்து உள்ளே ஓடினார்.