ஆர்ட்டி ஏ7-35டி போர்டு: கரண்ட் வந்ததும் எத்தனை நேரத்தில் எழும்?

வாளையாறு, கஞ்சிக்கோடு பக்கம் பழைய மெஷினுக்குப் புது கன்ட்ரோலர் கட்டுபவர்களுக்கு இந்த எஃப்பிஜிஏ போர்டு (உள் சர்க்யூட்டை நாமே வடிவமைத்து ஏற்றும் சிப் உள்ளது) தாராளமாகப் போதும். வாங்கியபடியே ஓட்டினால் மட்டும் ஏமாற்றம்தான்.

இதிலுள்ள ஆர்டிக்ஸ்-7 சிப், கரண்ட் வந்ததும் தன் டிசைனை ஃபிளாஷ் மெமரியிலிருந்து படித்த பிறகே வேலை செய்யும். அந்த டிசைன் ஃபைல், அதாவது முழு பிட்ஸ்ட்ரீம், 1,75,36,096 பிட். விவாடோ என்ற டிசைன் மென்பொருளில் எதையும் மாற்றாவிட்டால் படிக்கும் கிளாக் 3 மெகாஹெர்ட்ஸ், டேட்டா ஒரே லைன்: வகுத்தால் 5.85 விநாடி. அதுவரை மெஷின் பொம்மைதான். எஸ்பிஐ பஸ் அகலத்தை (டேட்டா லைன் எண்ணிக்கை) 4, கான்ஃபிக் ரேட்டை (கிளாக் மெகாஹெர்ட்ஸ்) 33 என்று வையுங்கள். சுமார் 133 மில்லிவிநாடிக்கு இறங்கிவிடும்.

அதையும் அப்படியே நம்ப வேண்டாம். சிப்பின் உள் கிளாக் 50 சதவீதம் வரை பிசகலாம். மெதுவான பக்கம் போனால் 266 மில்லிவிநாடி. கரண்ட் வந்ததும் சிப் தன்னைத் தயார் செய்யும் பவர்-ஆன் ரீசெட்டுக்கு 50 மில்லிவிநாடி வரை சேர்த்தால் 316 மில்லிவிநாடி. கணக்கில் எழுத வேண்டியது இதைத்தான். பிட்ஸ்ட்ரீமைச் சுருக்கும் கம்ப்ரெஷன் போட்டால் நேரம் குறையும், ஆனால் டிசைன் மாறினால் அளவும் மாறும். அதை வைத்து யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

லோடு ஆகும்வரை அவுட்புட் பின்கள் உங்கள் சொல் கேட்காது. சிப்புக்குள் பின்னை மேலே இழுக்கும் புல்-அப் இயங்கினால், பின்னைக் கீழே இழுக்க நீங்கள் வெளியே போட்ட 10 கிலோஓம் புல்-டவுன் ரெசிஸ்டர் தோற்று, ரிலே 'டக்' என்று அடிக்கலாம். 1 கிலோஓம் போடுங்கள்.