ஒரே வைஃபை கார்டில் ரெண்டு நெட்வொர்க்: மூன்று வருஷப் புலம்பல்

"மச்சி, லேப்டாப்பு வைஃபையிலயே நெட்டும் வாங்கி, அதுலயே ஹாட்ஸ்பாட்டும் போடுறியே, ஒழுங்கா ஓடுதா? இல்ல நான் தனியா யூஎஸ்பில சொருகுற வைஃபை டாங்கிள் வாங்கிடட்டுமா?" என்று போன வாரம் நண்பன் கேட்டான். அரை மணி நேரம் பேசினேன். பதில் மட்டும் சொல்லவில்லை.

லினக்ஸில் அதே கார்டின் மேல் இன்னொரு இன்டர்ஃபேஸைக் கிளப்பி (அதாவது ஒரு கார்டை ரெண்டாகக் காட்டி), ஹோஸ்ட்ஏபிடி என்ற புரோகிராமை ஓட்டினால் ஹாட்ஸ்பாட் தயார். வேகம் பாதியாகும். ஒரே ரேடியோ வாங்கியதையே திரும்ப அனுப்புகிறதே, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

என் கோபமெல்லாம் சேனல் மேல்தான், அதாவது வைஃபை ஓடும் அலைவரிசை மேல். டெர்மினலில் 'ஐடபிள்யூ லிஸ்ட்' (iw list) அடித்து, கடைசிப் பக்கம் எதெல்லாம் சேர்ந்து ஓடும் என்று சொல்லும் இன்டர்ஃபேஸ் சேர்க்கைகளைப் பாருங்கள். என் கார்டில் சேனல் எண்ணிக்கை 1. அதாவது நெட்டும் ஹாட்ஸ்பாட்டும் ஒரே சேனலில்தான் குடியிருக்க வேண்டும். நான் நெட் வாங்கும் மேன்ஷன் ரவுட்டரோ சேனலைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ மோடில் கிடக்கிறது. ராத்திரி திடீரென்று 6-லிருந்து 11-க்குத் தாவும். என் ஹாட்ஸ்பாட் 6-ஐ விடாது, நெட் அறுந்துவிடும். ஹாட்ஸ்பாட்டை நிறுத்தி, நெட்டைப் பிடித்து, சேனல் எண்ணை மாற்றி, மறுபடி கிளப்ப ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் இன்னும் மோசம். ரவுட்டர் 52-இல் போய் உட்கார்ந்தால் அது ரேடாருக்கும் பங்குள்ள சேனல், அங்கே ஹாட்ஸ்பாட் போட என் கார்டு ஒப்புக்கொள்வதே இல்லை.

இத்தனைக்கும் ஒரே கார்டில் ரெண்டு நெட்வொர்க் என்ற யோசனை பழசு. 2004-லேயே மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவு மல்டிநெட் என்று ஒன்றைக் காட்டியது. ஒரு நெட்வொர்க்கிடம் "தூங்கப் போகிறேன்" என்று பவர் சேவ் சொல்லிவிட்டு, கார்டு அந்த இடைவெளியில் அடுத்த நெட்வொர்க்குக்கு ஓடும். அதற்குள் வரும் டேட்டா பாக்கெட்டுகளை முதல் நெட்வொர்க்கின் ஆக்சஸ் பாயின்ட் (நம்ம ரவுட்டர் மாதிரி) எடுத்து வைத்திருக்கும். என்ன அழகான புளுகு! 2009-இல் விண்டோஸ் 7-லேயே, ஒரே கார்டை ரெண்டாகக் காட்டும் வர்ச்சுவல் வைஃபை வந்துவிட்டது.

நல்லதும் சொல்ல வேண்டும். கரண்ட் போய் ரவுட்டர் செத்தாலும் என் ஹாட்ஸ்பாட் உயிரோடு இருக்கும். போனிலிருந்து லேப்டாப்புக்குப் போட்டோ ஏறிக்கொண்டே இருக்கும். முதல் தடவை பார்த்தபோது இருட்டில் தனியாகச் சிரித்தேன். மூன்று வருஷத்தில் ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை.

சரி, நண்பனுக்குப் பதில்: டாங்கிளே வாங்கு. லினக்ஸின் மையமான கெர்னலிலேயே அதற்கு டிரைவர் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு, இல்லாவிட்டால் அப்டேட் வரும்போதெல்லாம் டிரைவரை நீயே கம்பைல் செய்துகொண்டு உட்கார வேண்டும்.

நானா? நான் வாங்கவில்லை. நேற்று ராத்திரியும் 11.40-க்கு ஸ்கிரிப்ட்தான் ஓட்டினேன்.