முதலில் வாடகை, அப்புறம் கிரயம்: எது கையைக் கடிக்காது?

முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு மாதத் தவணைகூடப் பெரிய பாரமில்லை. தொடக்கத்தில் கையிலிருந்து போட வேண்டிய பணம்தான் மலை. "குடியிருந்து பாருங்கள், பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிற திட்டங்கள் அதற்காக வந்தவைதான். ஆனால் நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. ஒரே வீட்டை வைத்துப் பார்ப்போம்: இன்றைய மதிப்பு 100, சந்தை வாடகை வருடத்துக்கு 5, நான்கு வருடம் கழித்து மதிப்பு 112.

இங்கிலாந்தின் 'ரென்ட் டு பை' திட்டத்தில் வாடகை சுமார் 20% குறைவு. 5-க்குப் பதில் 4 கட்டுகிறீர்கள். நான்கு வருடத்தில் மிச்சம் 4; அதுவும் செலவழிக்காமல் வைத்திருந்தால். வாங்கும்போது அன்றைய விலைதான், 112. அதில் 5% முன்பணம் என்றால் 5.6 வேண்டும், மிச்சம் போதாது. ஆனால் வாங்காமல் போனாலும் அந்த 4 உங்களுடையது.

வேல்ஸின் 'ரென்ட் டு ஓன்' முழுச் சந்தை வாடகையை வாங்கிக்கொள்கிறது. பிறகு வீட்டை வாங்கினால், கட்டிய வாடகையில் 25%, மதிப்பு ஏறியதில் 50% உங்கள் முன்பணமாகக் கிடைக்கும். நம் கணக்கில் கட்டிய வாடகை 20-இல் 5-ம், ஏறிய 12-இல் 6-ம் சேர்ந்து 11; ஏறத்தாழ 10% முன்பணம் தயார். விலையேற்றம் இங்கே உங்களுக்கும் சாதகமாக வேலை செய்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். இரண்டாம் வருட முடிவிலிருந்து ஐந்தாம் வருட முடிவுக்குள் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் ஒன்றும் வராது, நான்கு வருடம் சாதாரண வாடகைக்காரராக இருந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அமெரிக்காவில் இது பெரும்பாலும் வீட்டுக்காரரோடு போடும் தனி ஒப்பந்தம். வாங்கும் உரிமைக்கு முதலிலேயே ஆப்ஷன் கட்டணம், 3 என்று வைப்போம். வாடகை 6, அதில் 1 விலையில் கழியும். கட்டணமும் விலையில் கழியும் என்றால், நான்கு வருடத்தில் 3-ம் 4-ம் சேர்ந்து 7. விலையை இன்றே 100 என்று பூட்டியிருந்தால் மீதி 93 கொடுத்தால் போதும். 112 மதிப்புள்ள வீடு! கேட்கவே இனிக்கிறது. ஆனால் வங்கி கடன் மறுத்தால் 7-ம் போச்சு. வீட்டுக்காரர் தன் கடனைக் கட்டாமல் வீடு ஏலத்துக்குப் போனாலும் அதே கதி. மராமத்துச் செலவையும் குடியிருப்பவர் தலையில் கட்டும் ஒப்பந்தங்கள் உண்டு. 'லீஸ் ஆப்ஷன்' என்றால் வாங்காமல் விலகலாம். 'லீஸ் பர்ச்சேஸ்' என்றால் வாங்கியே தீர வேண்டும். மதிப்பு 92-க்கு இறங்கியிருந்தாலும் பேசிய 100-தான்.

இன்னொரு நுணுக்கம்: வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் அமெரிக்க நிறுவனமான ஃபேனி மேயின் விதிப்படி சந்தை வாடகைக்கு மேல் கட்டிய தொகை மட்டுமே முன்பணமாக எண்ணப்படும். சந்தை வாடகையான 5-ஐயே வாங்கிக்கொண்டு "இதில் 1 கழித்துக்கொள்கிறேன்" என்று வீட்டுக்காரர் சொன்னால், கடன் கொடுப்பவர் அதை முன்பணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இங்கிலாந்தின் 'ஷேர்டு ஓனர்ஷிப்' திட்டமும் இவற்றுக்கு நெருங்கிய உறவு. புதிய முறையில் 10% பங்கிலிருந்து வாங்கலாம், மீதிப் பங்குக்கு வாடகை. பாதி வீட்டுக்காரர், பாதி வாடகைக்காரர் என்கிற நிலை எல்லோருக்கும் ஒத்துவராது.

வேலை நிலையாக இருந்து, அதே ஊரில் இருக்கப்போகிறவருக்கு வேல்ஸ் முறை. அடுத்த வருடம் எங்கே இருப்போம் என்று தெரியாதவருக்கு இங்கிலாந்தின் 'ரென்ட் டு பை'. அமெரிக்க ஒப்பந்தம் என்றால், கையெழுத்துக்கு முன் வங்கியில் ஒரு நடை: இன்றைய சம்பளத்துக்கும் கடன் வரலாற்றுக்கும் 93 கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால், நான்கு வருடத்தில் அது எப்படி மாறும் என்பதற்குத் தெளிவான பதில் இல்லாமல் அந்த 3-ஐக் கொடுக்காதீர்கள்.