கலிங்கா, ஷட்டரா?

வியாசர்பாடிப் பக்கம் கால்வாயைத் தூர் வாரியாயிற்று. இனி தண்ணீரை எதைக் கொண்டு மட்டுப்படுத்துவது?

கலிங்கு என்பது கால்வாயின் குறுக்கே எழுப்பும் தாழ்ந்த வழிந்தோடு சுவர். அதற்கு ஆள் வேண்டாம். மட்டம் ஏறினால் தானே வழியும். அதன் விளிம்புக்கு மேல் நீர் இரண்டு மடங்கு உயர்ந்தால் வெளியேறுவது ஏறக்குறைய 2.8 மடங்காகும். நள்ளிரவு மழைக்கு இதைவிட நல்ல காவலாளி கிடையாது. ஆனால் வடசென்னை தாம்பாளம்போலத் தட்டையான பூமி. இங்கே அரை மீட்டர் சுவர் எழுப்பினாலும் வெள்ளம் நெடுந்தூரம் பின்னேறி, கரையோர வீடுகளின் வாசல்படியைத் தொடும். சேறும் சுவரின் காலடியிலேயே படியும்.

ஷட்டர், அதாவது ஏற்றி இறக்கும் பலகைக் கதவு, அடியில் திறப்பதால் சேற்றை இழுத்துக்கொண்டு ஓடும். எண்ணூர் கழிமுகத்தில் கடல் ஏறி, பக்கிங்காம் கால்வாயில் உப்புநீர் எதிர்த்து வரும்போது மூடிவிடலாம். மிதக்கும் ஆகாயத்தாமரையும் பால் பாக்கெட்டுகளும் பலகைக்குப் பின்னால் மெத்தைபோலத் தேங்கும், அது வேறு தலைவலி.

என் ஓட்டு ஷட்டருக்குத்தான், பக்கத்தில் தாழ்வான ஒரு சிறு கலிங்கும் சேர்த்து. கலிங்கையும் கேட்பதற்குக் காரணம் உண்டு: ஒரு மழைநாளில் ஓரிடத்தில் ஷட்டரைத் தூக்க நான்கு பேர் முயன்றதைப் பார்த்திருக்கிறேன். திருகு தண்டில் துரு, கைப்பிடி பூட்டிய அறைக்குள், சாவி வைத்திருந்தவர் விடுப்பில்.