ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்: போர்முனையிலிருந்து வீடு கட்டியவரின் கடிதங்கள்

ராணுவத்தில் 22 வருடம் இருந்தேன். எங்கள் வீட்டுக்குக் கடைக்கால் எடுத்தது, நிலை வைத்தது, தளம் போட்டது எல்லாமே நான் லேயில் இருந்தபோது நடந்தவை. "சமையலறை ஜன்னல் கிழக்குப் பக்கம் வரட்டும், மேஸ்திரியிடம் சொல்லிவிடு" என்று தம்பிக்கு இன்லண்ட் லெட்டர் போடுவேன். அது போய்ச் சேர்வதற்குள் சுவர் எழும்பியிருக்கும்.

அதனால்தானோ என்னவோ, பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போரில் படைத்தலைவராக இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் தன் மவுண்ட் வெர்னன் வீட்டைப் பற்றி எழுதிய கடிதங்களை இரண்டு மாதமாக விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். அவை கிடைக்கும் இடம் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவை இது. கட்டணம் கிடையாது, பெயர் பதியவும் வேண்டாம். எழுதியவர் என்ற இடத்தில் ஜார்ஜ் வாஷிங்டன், பெற்றவர் என்ற இடத்தில் லண்ட் வாஷிங்டன் என்று கொடுத்துத் தேடுங்கள். லண்ட் அவருடைய தூரத்துப் பங்காளி. 1775 மே மாதம் வாஷிங்டன் வீட்டை விட்டுக் கிளம்பியபோது வீடு, தோட்டம், கட்டட வேலை எல்லாம் லண்டின் பொறுப்பு. 1781 செப்டம்பர் வரை வாஷிங்டன் அந்த வாசலை மிதிக்கவே இல்லை.

1776 ஆகஸ்ட் 19 தேதியிட்ட கடிதத்தை முதலில் எடுங்கள். நியூயார்க்கிலிருந்து எழுதியது. பிரிட்டிஷ் கப்பற்படை எதிரே நிற்கிறது. எட்டே நாளில் லாங் ஐலண்டில் பெரிய தோல்வி வரப்போகிறது. அந்த நேரத்தில் மனுஷன் மரம் நடுவதைப் பற்றி எழுதுகிறார்! வீட்டின் இரண்டு பக்கமும் தோப்பு வேண்டுமாம். வடக்கே முழுவதும் லோகஸ்ட் மரம். தெற்கே காட்டு ஆப்பிள், டாக்வுட், வில்லோ என்று கலந்து, முக்கியமாகப் பூக்கும் மரங்களாக, வரிசை பிடிக்காமல் நட வேண்டும் என்கிறார்.

செப்டம்பர் 30 கடிதம் என்னை இன்னும் உலுக்கியது. நியூயார்க் கைவிட்டுப் போய்விட்டது. பரம எதிரிக்குச் சாபம் கொடுப்பதென்றால், என் நிலைமையில் என் மனவேதனையோடு அவனை நிறுத்திவிட்டாலே போதும் என்கிற பொருளில் எழுதுகிறார். அப்புறம் அதே கடிதத்தில், புது அறையின் கணப்பு, அதாவது குளிர்காயும் அடுப்பு, அந்த அறையின் நட்டநடுவில் வர வேண்டும், கதவுகளும் மற்றதும் அதற்கு ஒத்து அமைய வேண்டும் என்கிறார். படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பனியில் காவல் நின்றுவிட்டு வந்து, பூஜை அறையின் அகலத்தை விரற்கடையில் கணக்குப் போட்டு எழுதியவன் நான். வேறு எதுவும் நம் கையில் இல்லாத நேரத்தில் அந்த அளவுகள்தான் பிடிமானம்.

சேவையைப் பற்றிச் சொன்னால், அடிக்குறிப்புகள் அருமை. யார் தச்சர், எந்த அறை என்று விளக்கிவிடுகிறார்கள். போர்க்காலம் என்று மட்டும் வடிகட்டித் தேடவும் வழி இருக்கிறது. ஆங்கிலம் 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலம், எழுத்துக்கூட்டலும் அப்படியே. முதல் வாரம் எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது. வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த வீடும் பண்ணையும் அடிமைகளின் உழைப்பில் நின்றவை. 1781 ஏப்ரலில் சாவேஜ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வீட்டருகே ஓடும் போடோமாக் ஆற்றில் வந்து நின்றபோது அந்த அடிமைகளில் 17 பேர் அதில் ஏறி விடுதலை தேடிப் போனார்கள். அவர்களைத் திரும்பப் பெறவும் வீட்டைக் காப்பாற்றவும் லண்ட் கப்பலுக்கே போய் எதிரிக்கு உணவுப்பொருள் கொடுத்தார். ஏப்ரல் 30 கடிதத்தில் வாஷிங்டன் கடிந்துகொள்கிறார்: நீ மறுத்து, அவர்கள் என் வீட்டைக் கொளுத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று. கணப்பு நடுவில் வர வேண்டும் என்று எழுதிய அதே கை. ஆனால் ஓடிப்போன அந்த 17 பேரின் பக்கம் அந்தக் கை நிற்கவில்லை. அந்த இடத்தில் என் மனம் அவரோடு போகவில்லை, அவர்களோடுதான் கப்பலேறியது.