நாட்குறிப்பு எழுதப் பல வழிகள்: எது உங்களை உங்களுக்குக் காட்டும்?

நாட்குறிப்பு எழுதினால் தன்னை அறியலாம் என்று சொல்லாதவர்கள் இல்லை. எப்படி எழுதினால் என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. ஆன்டனி கிராண்ட் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் யோசிக்க வைக்கும் ஒரு தகவல் உண்டு. நாட்குறிப்பு எழுதுபவர்கள், எழுதாதவர்களைவிடத் தங்களைப் பற்றி அதிகம் யோசிக்கிறார்கள். ஆனால் தங்கள் எண்ணமும் உணர்ச்சியும் தங்களுக்கு எவ்வளவு புரிகிறது என்பதை அளக்கும் மதிப்பெண்ணில் அவர்கள்தான் பின்தங்கியிருந்தார்கள். எழுதியதால்தான் தெளிவு குறைந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. குழம்பிப்போனவர்தான் நோட்டைத் தேடிப் போகிறார் என்றும் இருக்கலாம். ஆனாலும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டாலே தன்னைப் புரிந்துவிடும் என்று இனி நம்ப முடியாது. அதனால் இந்த அலசலில் ஒவ்வொரு முறையிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: யோசிப்பதோடு விடுகிறதா, புரியவும் வைக்கிறதா?

முதலில், காலையில் எழுந்ததும் கொட்டித் தீர்க்கும் முறை. அமெரிக்க எழுத்தாளர் ஜூலியா கேமரன் 1992-இல் தன் நூலில் எழுதியபிறகு உலகம் முழுக்கப் பரவியது இது. தினமும் காலையில் மூன்று பக்கம், கையால், மனதில் வருவதை அப்படியே எழுத வேண்டும். பிழை பார்க்கக் கூடாது, அடித்துத் திருத்தக் கூடாது, ஆரம்ப வாரங்களில் திரும்பப் படிக்கவும் கூடாது. எழுத்து, ஓவியம், இசை என்று ஏதாவது படைக்கும் வேலையில் இருந்துகொண்டு, கை ஓடாமல் தவிப்பவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும். அவர்களுக்காகத்தான் கேமரன் இதை வகுத்தார். தலைக்குள் ஓடும் இரைச்சல் தாளில் இறங்கிவிடும், வேலை நகரும். ஆனால் தன்னை அறிவதற்கு இதை மட்டும் நம்பினால் பெரிய பலன் இருக்காது என்பது என் கணிப்பு. நேற்று எழுதிய புலம்பலையே இன்றும் எழுதிக்கொண்டிருப்போம், அதைக் கவனிக்கவும் மாட்டோம். மூன்று பக்கம் எழுத அரை மணி நேரமாவது போகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரில் நிற்கிறது நான்கு நாள் எழுத்து. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட சோதனையிலிருந்து வந்தது. கல்லூரி மாணவர்களை அடுத்தடுத்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். தங்களை மிகவும் உலுக்கிய ஒரு சம்பவம், அதன் உண்மைகள், அதைச் சுற்றிய உணர்ச்சிகள் இரண்டையும் எழுத வேண்டும். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனது இன்னும் கனத்துப்போயிருந்தது. ஆனால் பின்வந்த மாதங்களில், சாதாரண விஷயங்களைப் பற்றி எழுதிய மாணவர்களைவிட இவர்கள் கல்லூரி மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே போனார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பின்னால் வந்த கண்டுபிடிப்பு. பென்னிபேக்கர் இது போன்ற சோதனைகளில் எழுதப்பட்டவற்றின் சொற்களையே ஆராய்ந்தார். 'ஏனென்றால்', 'அதனால்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் முதல் நாளைவிடக் கடைசி நாளில் யாருக்குக் கூடியிருந்தனவோ, அவர்களுக்குத்தான் பலன் அதிகம். நான்கு நாளும் ஒரே கதையை ஒரே மாதிரி எழுதியவர்களுக்கு அவ்வளவாக இல்லை. கண்ணீர் விட்டு எழுதினோமா என்பதைவிட, கதை நகர்ந்ததா என்பதுதான் முக்கியம்.

இந்த முறையை வானளாவப் புகழவும் வேண்டாம். ஜோஆன் ஃப்ராட்டரோலி 2006-இல் 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பலன் உண்டு, ஆனால் சராசரியில் அது சின்னதுதான் என்று தெரிந்தது. எல்லோருக்கும் ஏற்றதும் அல்ல. டேவிட் ஸ்பாரா குழுவினர் துணையை அண்மையில் பிரிந்தவர்களிடம் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 'ஏன் இப்படி ஆச்சு' என்று ஒரே விஷயத்தை ஓயாமல் அசைபோடுபவர்கள் உணர்ச்சிகளைக் கொட்டி எழுதியபோது தேறுவது தாமதமானது. அன்றன்று செய்ததை வெறுமனே எழுதிய குழுவில் இருந்த அதே மாதிரி ஆட்கள்தான் நன்றாகத் தேறினார்கள். எழுத எழுத மனம் கைமீறிப் போகிறது என்று தோன்றினால் நிறுத்திவிடுங்கள். பென்னிபேக்கரே அப்படித்தான் சொல்கிறார்.

நன்றிப் பட்டியலைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கலோவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 10 வாரம், வாரம் ஒருமுறை நன்றி பாராட்ட வேண்டியவற்றை எழுதியவர்கள், எரிச்சல்களைப் பட்டியலிட்டவர்களைவிட வாழ்க்கை நன்றாகப் போகிறது என்றார்கள். தினமும் எழுதினால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். சோன்யா லுபோமிர்ஸ்கி குழுவின் சோதனையில் வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கிடைக்காத பலன் ஒருமுறை எழுதியவர்களுக்குக் கிடைத்தது. நல்ல பழக்கம்தான். ஆனால் இது மனநிலையைத் தூக்கிவிடும் பழக்கம். நம்மைப் பற்றி நமக்கே தெரியாத எதையும் இது அவ்வளவாக வெளியே கொண்டுவராது.

செய்ய வேண்டியவற்றைச் சின்னக் குறிகள் போட்டுச் சுருக்கமாகப் பட்டியலிடும் முறை புல்லட் ஜர்னல்; ரைடர் கேரல் 2013-இல் அறிமுகப்படுத்திய அதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். வேலைகளை ஒழுங்குபடுத்த அருமையான கருவி. ஒரே வேலையை மாதாமாதம் அடுத்த பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டே போகும்போது மட்டும், அது ஏன் தள்ளிப்போகிறது என்று நம்மைப் பற்றி ஏதோ சொல்லும்.

கடைசியாக, என் ஓட்டு விழும் முறை: நடந்ததை மட்டும் எழுதும் மாலைக் குறிப்பு. ஒரே நாளை இரண்டு விதமாக எழுதிப் பார்ப்போம்.

கொட்டும் பாணியில்: "இன்னைக்கும் அதே கதைதான். நான் சொன்னா யாரும் காதுல வாங்குறதில்ல. எப்பவும் இப்படித்தான். எனக்கே வெறுப்பா இருக்கு."

நிகழ்ச்சிப் பாணியில்: "காலை 11 மணிக் கூட்டம். என் யோசனையைச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே ஒருவர் குறுக்கிட்டார். நிறுத்திக்கொண்டேன். அப்புறம் கூட்டம் முடியும்வரை வாய் திறக்கவில்லை. கழுத்தெல்லாம் சூடாக இருந்தது. மதியம் தோழியிடம், என்னை யாரும் மதிப்பதில்லை என்றேன்."

முதல் குறிப்பை ஒரு மாதம் கழித்துப் படித்தால், அன்று வருத்தமாக இருந்தோம் என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. இரண்டாவதில் பிடித்துக்கொள்ள ஒரு சொல் இருக்கிறது: 'நிறுத்திக்கொண்டேன்'. அதே மாதத்தில் அண்ணனோடு பேசிய தொலைபேசிப் பேச்சிலும், மருத்துவரிடம் போன நாளிலும் அதே சொல் வந்திருந்தால்? யாரும் காதில் வாங்குவதில்லை என்று நம்பியிருந்தவருக்கு, முதல் குறுக்கீட்டிலேயே தான் பின்வாங்கிவிடுவது அப்போதுதான் கண்ணில் படும். அதைத் தெரிந்துகொண்டால் அடுத்த கூட்டத்தில், "ஒரு நிமிஷம், முடித்துவிடுகிறேன்" என்று சொல்லிப் பார்க்கலாம். வளர்ச்சி என்று நான் சொல்வது இந்த அளவு சின்ன விஷயத்தைத்தான்.

இது பழைய வழிதான். 18-ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு, வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, தவறிய ஒவ்வொரு முறையும் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தார். தான் நினைத்ததைவிடத் தன்னிடம் குறைகள் மிக அதிகம் என்று கண்டு வியந்ததாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவரை அதிகம் படுத்தியது எது தெரியுமா? ஒழுங்கு. பொருளை அதனதன் இடத்தில் வைப்பதும், வேலையை அதனதன் நேரத்தில் செய்வதும். உட்கார்ந்து யோசித்திருந்தால் இது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். புள்ளிகள் சேர்ந்ததால் தெரிந்தது.

இந்த முறைக்கும் குறை உண்டு. எழுதும்போது சலிப்பாக இருக்கும், அன்றைக்கே ஆறுதல் எதுவும் கிடைக்காது. திரும்பப் படிக்காவிட்டால் இதற்குப் பயனே இல்லை. படிக்கும்போதும், "நான் ஏன் இப்படி?" என்று கேட்டால் மறுபடி அசைபோடுவதில்தான் போய் முடியும். "எப்போதெல்லாம் இப்படி நடக்கிறது? அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது?" என்று கேளுங்கள்.

தாளா, செல்போனா என்று பலர் கேட்கிறார்கள். நிகழ்ச்சிக் குறிப்புக்குச் செல்போன் வசதி, ஒரு சொல்லைப் போட்டுத் தேட முடியும். நான்கு நாள் எழுத்துக்குத் தாள்தான் நல்லது. யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால், அவர்கள் படிப்பதற்கு ஏற்ற மாதிரியே எழுதத் தொடங்கிவிடுவோம். எழுதி முடித்ததும் கிழித்துப் போட்டுவிடலாம் என்ற தைரியம் தாளில்தான் வருகிறது. கிழித்தும் போடலாம், அந்த எழுத்தின் வேலை அப்போதே முடிந்துவிட்டது. மாலைக் குறிப்புகளை மட்டும் தேதி போட்டு வைத்திருங்கள். மாதக் கடைசியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, திரும்பத் திரும்ப வரும் வினைச்சொற்களின் கீழே, தாளானாலும் செல்போனானாலும், கோடு போட்டுக்கொண்டே படியுங்கள்.