'பிராக் வின்டர்': கிளின்டன் காலத்துக் கதையை எதிர்பார்த்து வாங்காதீர்கள்

அட்டையில் மேடலின் ஆல்பிரைட் என்று பெயரைப் பார்த்ததும், அதிபர் கிளின்டன் காலத்தில் அமெரிக்காவின் முதல் பெண் வெளியுறவு அமைச்சர் ஆயிற்றே, கொசோவோ போர், வட கொரியத் தலைவர் கிம் ஜாங் இல் எல்லாம் வருமே என்று நம்பி 2012இல் வந்த இந்தப் புத்தகத்தை வாங்கினால் ஏமாற்றம்தான். 1937இல் செக்கோஸ்லோவாகியாவின் பிராக்கில் அவர் பிறப்பதில் தொடங்கி, 1948 நவம்பரில் பதினோரு வயதுச் சிறுமியாக நியூயார்க்கில் கப்பலை விட்டு இறங்குவதோடு கதை முடிகிறது. பதவிக்காலக் கதை வேண்டுமென்றால் 2003இல் வந்த சுயசரிதை இருக்கிறது, ஆனால் எனக்கு இதுதான் பிடித்தது.

குடும்பம் ஓடியது ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. 1939 மார்ச்சில் ஹிட்லர் படை பிராக்குக்குள் நுழைந்ததும் லண்டனுக்கு. போர் முடிந்து ஊர் திரும்பி, அப்பா யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடில் தூதராக இருந்தபோது 1948இல் சொந்த நாட்டில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடிக்க, மறுபடி மூட்டை கட்டினார்கள். போர்க்காலத்தில் இங்கிலாந்தின் வால்டன்-ஆன்-தேம்ஸில் குடியிருந்த வீட்டில், குண்டுவீச்சிலிருந்து தப்புவதற்காகவே செய்யப்பட்ட ஓர் இரும்பு மேசை. அதன் மேல்தான் சாப்பாடு, ராத்திரி அதற்கு அடியில்தான் தூக்கம். அகதிக் குழந்தைகள் பற்றிய ஒரு படத்தில் இவரை நடிக்க வைத்து, சம்பளமாக இளஞ்சிவப்பு முயல் பொம்மை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் சரி, உண்மையில் புத்தகத்தைத் தூக்கி நிறுத்துவது வேறு. கத்தோலிக்கராகவே வளர்ந்தவருக்கு, தான் யூதக் குடும்பம் என்பதும், தாத்தா பாட்டிகளில் மூவர் நாஜிகளால் மாண்டார்கள் என்பதும் உறுதியானது அமைச்சர் ஆன 1997இல்தான், ஐம்பத்தொன்பது வயதில். பெற்றோர் கடைசிவரை வாயே திறக்கவில்லை. பிராக்கில் பிங்காஸ் என்ற யூதத் தொழுகைக்கூடச் சுவரில், நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறக்குறைய 80 ஆயிரம் யூதர்களின் பெயர்களை வரிவரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். உண்மை தெரிவதற்கு முந்தின வருடம்தான் அங்கே போய் நின்றிருக்கிறார், தன் வீட்டுப் பெயரைத் தேட வேண்டும் என்றே தோன்றவில்லை.

குறை இல்லாமல் இல்லை. செக்கோஸ்லோவாகியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்குக் கொடுத்த மியூனிக் ஒப்பந்தம், பிராக்கை ஆண்ட நாஜித் தலைவர் ஹைட்ரிக் கொலை என்று நடுவில் நூறு பக்கமாவது பள்ளிப் பாடம் மாதிரி இழுக்கிறது. அப்புறம் ஒன்று: ஈராக் மீதான தடைகளால் லட்சக்கணக்கில் குழந்தைகள் செத்ததாகச் சொல்லி, 1996இல் டிவியில் கேட்டபோது, அந்த விலை தகும் என்று பதில் சொன்னவரும் இவர்தான். பின்னால் வருந்தினார், ஆனாலும் அந்த மேசைப் பக்கங்களைப் படிக்கும்போது அது நெருடாமல் இல்லை.

நம் வாசகர்களுக்கு ஒரு கூடுதல் ஈர்ப்பு, அப்பா ஜோசப் கோர்பெல். 1948இல் காஷ்மீர் பிரச்சினைக்காக இந்தியா, பாகிஸ்தான் வந்த ஐ.நா. குழுவில் இருந்தவர். அந்த ஐ.நா. வேலைதான் குடும்பம் அமெரிக்கா போய்ச் சேர வழிவிட்டது. பின்னாளில் டென்வரில் பேராசிரியர் ஆனார், அங்கே அவரிடம் படித்தவர்களில் ஒருவர், பின்னால் அமெரிக்க வெளியுறவு அமைச்சரான காண்டலீசா ரைஸ். காஷ்மீர் பற்றி கோர்பெல் 1954இல் எழுதிய நூலையும் இதோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.